ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு, தேய்ந்த முழங்கால்: யோசனை சொல்லுங்கள்

ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். எனக்கு 67, வீட்டுக்காரருக்கு 73. மகளும் மருமகனும் துபாயில். ஜூனிலிருந்து பேரன் (10), பேத்தி (6) எங்களோடுதான்.

காலைப் பாடு எப்படியோ ஓடிவிடுகிறது. சாயங்காலம்தான் சிக்கல். திங்கள், புதன், வெள்ளி 5 மணிக்கு அவனுக்கு அம்மா மண்டபம் பக்கம் சிலம்பம். அதே நேரம் அவளுக்குச் சித்திரை வீதியில் பரதம். எனக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். அவருக்கு இருட்டினால் ஸ்கூட்டர் ஓட்டப் பயம்.

மாதக் கணக்கில் ஆட்டோ வைத்தோம். மூன்றாம் வாரமே ஆட்டோக்காரர் நின்றுவிட்டார். ஆன்லைனில் பரதம் போட்டால் பேத்தி சோபாவில் படுத்துக்கொண்டு அடவு பார்க்கிறாள்! சிலம்பத்தை நிறுத்த மனம் வரவில்லை, அம்மா ஊருக்குப் போனபின் பையன் வாய்விட்டுச் சிரிப்பது அங்கேதான். நேரத்தை மாற்றக் கேட்டோம், இரண்டு பக்கமும் முடியாதென்றுவிட்டார்கள்.

பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்களே, இப்படி நேரம் மோதும்போது நீங்கள் என்ன ஏற்பாடு செய்தீர்கள்?