வீட்டுக் குழு: அம்மாவின் நடை

ஞாயிறு

பெரியண்ணை, 10:12: இரவு முழுக்க ஸ்நோ கொட்டி, இப்போதுதான் வாசல் வழித்து முடித்தேன். அதை விடுங்கள், அம்மாவைப் பற்றிக் கதைக்க வேண்டும். பொங்கலன்று கராஜுக்குள் பொங்கினோம். அம்மா பலகையில் இருந்துகொண்டு பானைக்குப் பால் விட்டார். பொங்கி முடிய எழும்ப முடியவில்லை. மகளும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். போன வருடம் அதே பலகையிலிருந்து கையில் அகப்பையோடு தானே எழும்பினவர்.

நான், 10:15: அண்ணா, இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? வெள்ளிக்கிழமை குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சீனியும் கூடித்தான் இருக்கிறது. சாப்பாடு மாறவில்லையே, நடக்கிறாரா என்றுதான் அவர் கேட்டார்.

பெரியண்ணை, 10:16: நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றினதிலிருந்து வெளியில் இறங்கவே இல்லை. 5 மணிக்கே இருட்டு.

அம்மா, 10:24: குளிர் போகட்டும் பிள்ளைகள். ஏப்ரலில் நடக்கிறேன்.

மச்சாள், 10:31: மாமி, ஏப்ரலுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவர் காய்ச்சலோடு இரண்டு கிழமை கட்டிலில் கிடந்தாலே, பிறகு எழுப்பி நடக்க வைக்க மாதக்கணக்காகிறது. வயது போனவர்களுக்குத் தசை அவ்வளவு கெதியாகக் கரையும். திரும்பப் பிடிப்பதுதான் பெரிய பாடு.

அம்மா, 10:40: விழுந்தால் என்ன செய்வது? மார்கழியில் பக்கத்து வீதி அக்கா பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி இடுப்பெலும்பு உடைத்தவர். ஸ்நோகூட இல்லை, வெறும் ஈரம் மாதிரித்தான் தெரிந்ததாம்.

சின்னண்ணை, 10:44: அதுதான் கறுப்பு ஐஸ், அம்மா. பகலில் உருகின தண்ணீர் இரவில் உறைந்து தாரோடு தாராகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. இங்கே எட்மன்டனில் கிழமைக்கணக்காக ஒரே உறைச்சல். ரொறன்ரோவில் பூச்சியத்துக்கு மேலேயும் கீழேயும் மாறி மாறிப் போவதால்தான் உங்களுக்கு இந்த வழுக்கல் கூட. அம்மா பயப்படுவதில் பிழை இல்லை.

நான், 10:47: நேற்று வாசலில் அம்மாவின் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடி சிலேட்டுப் போல மழமழவென்று தேய்ந்திருக்கிறது. ஓரமெல்லாம் வீதி உப்புக் காய்ந்து வெள்ளைக் கரை. கோடைக்கு வாங்கினது. அதோடு நான் போனாலும் விழுவேன்.

மச்சாள், 10:52: முதலில் அதை மாற்றுங்கள். ரப்பர் அடி மென்மையாக, ஆழமான வெட்டுகளோடு இருக்க வேண்டும். சப்பாத்துக்கு மேலே மாட்டும் முள்ளு வார் இருக்கிறது, ஐஸில் அது நல்ல பிடி. ஆனால் கடைக்குள் போகும்போது கட்டாயம் கழற்ற வேண்டும், ஓட்டுத் தரையில் அது இன்னும் வழுக்கும். நடக்கும்போது பெங்குவின் மாதிரி: சின்ன அடி, முழுப் பாதமும் தரையில், கை கோட்டுப் பைக்குள் இல்லாமல் வெளியே.

மருமகள், 11:05: அப்பம்மா, வீட்டுக்குள்ளேயே தொடங்கலாம். சாப்பாட்டு மேசைக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, எழும்பி இருந்து எழும்பி இருந்து ஐந்து தரம். நானும் சேர்ந்து செய்கிறேன். எனக்கும் நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்து முதுகு பிடித்துப்போய்க் கிடக்கிறது.

மச்சாள், 11:09: அதேதான் மகள். ஆனால் தொப்பென்று இருக்கக் கூடாது. மெல்ல இறங்கும்போதுதான் தொடைக்கு வேலை. முதல் கிழமை கையை ஊன்றலாம். முழங்கால் நொந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். சோறு கொதிக்கும் நேரம் குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்கினால் சமநிலைக்கு நல்லது, மாமி. கிழமைக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி என்று சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் சேர்ந்ததுதான்.

நான், 11:15: விற்றமின் டியும் வைத்தியர் கேட்டார். இங்கே ஒக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் மட்டும் வெயில் எறித்தாலும் தோலில் அது பெரிதாக உண்டாகாதாம். 51 வயதுக்கு மேற்பட்டவர்கள் நாளுக்கு 400 அலகுக் குளிசை எடுக்கச் சொல்லி ஹெல்த் கனடாவும் சொல்கிறது. அம்மாவின் குளிசைப் பெட்டியில் அது இல்லை. இன்றைக்கு வாங்குகிறேன்.

அம்மா, 11:30: எல்லாம் சரி. கோடையில் நாங்கள் ஐந்து பேர் பூங்காவைச் சுற்றிக் கதைத்துக் கதைத்துப் போனோம். ஒரு மணித்தியாலம் போனதே தெரியாது. இப்போது ஆளுக்கு ஆள் வீட்டுக்குள். தனியக் கதிரையில் எழும்பி இருக்க எனக்கு மனம் வராது பிள்ளை.

இதை வாசித்துவிட்டு ஒருவரும் கொஞ்ச நேரம் எழுதவில்லை.

நான், 11:41: அம்மா, அந்த நாலு பேரின் நம்பரும் உங்களிடம் இருக்கிறதா?

அம்மா, 11:42: இருக்கிறது.

நான், 11:44: அப்ப ஸ்காபரோ டவுன் சென்டர் மோலுக்குப் போவோம். கடைகள் 10 மணிக்குத் திறக்கு முன்னமே நடக்கிற ஆட்கள் உள்ளே வருவார்கள். குளிர் இல்லை, ஐஸ் இல்லை, களைத்தால் இருக்க நீள வாங்குகள் இருக்கின்றன. ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையோடு நின்றுவிட்டது, பஸ்ஸில் மாறி மாறி வர வேண்டாம். செவ்வாயும் வியாழனும் எனக்குப் பின்னேர வேலைதான், என் வான் வண்டியில் எல்லாரையும் ஏற்றுகிறேன்.

சின்னண்ணை, 11:46: மோர்னிங்சைட் பக்கத்து பான் ஆம் விளையாட்டு நிலையத்திலும் உள்ளே நடக்கும் தடம் இருக்கிறது. 2015 பான் ஆம் விளையாட்டுப் போட்டிகளுக்குக் கட்டினது. மோல் அலுத்தால் அங்கே போகலாம்.

பெரியண்ணை, 11:50: நல்லது. சனிக்கிழமை என் பொறுப்பு. இன்றைக்கு மட்டும் கேட்காதீர்கள், வழித்த களை இன்னும் போகவில்லை. நடுவில் படியில் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் முடித்தேன், நெஞ்சை என்னவோ இறுக்கின மாதிரி இருந்தது.

மச்சாள், 11:51: என்ன?

மச்சாள், 11:51: நான் மேலே நித்திரையால் எழும்பி இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதை எனக்குக் குழுவிலா சொல்கிறீர்கள்? இப்போது இறுக்கம் இருக்கிறதா? கை, தாடை நோகிறதா?

பெரியண்ணை, 11:52: இல்லை, இருந்ததும் விட்டுவிட்டது.

மச்சாள், 11:54: விட்டாலும் விடுகிற விஷயம் இல்லை. இன்றைக்கே காட்டப் போகிறோம். திரும்ப வந்தால் அந்த நொடியே 911. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு ஈர ஸ்நோவைத் தூக்கி எறியும்போது பிறஷர் ஏறும். இரண்டும் சேர்ந்தால் நெஞ்சுக்கு எவ்வளவு பாரம் தெரியுமா?

அம்மா, 11:56: தம்பி, உடுப்பை மாற்று. நான் கீழே வாறேன், நானும் கூட வருவேன்.

ஞாயிறு இரவு

மச்சாள், 8:20: ஈசீஜியும் இரத்தமும் பார்த்தார்கள், இன்றைக்கு மாரடைப்பு இல்லை. இதய வைத்தியரிடம் எழுதித் தந்திருக்கிறார்கள். அதுவரை ஸ்நோ வழிக்கும் சவளைத் தொடக் கூடாது. மாமி ஐந்து மணித்தியாலம் அந்தக் கதிரையில் என்னோடு இருந்தார். இடையில் ஐந்து தரம் எழும்பி இருந்தும் காட்டினார்.

மருமகள், 8:22: அப்பம்மா!!

செவ்வாய்

அம்மா, 8:05: அவர்களில் மூன்று பேர் வருகிறார்கள். இடுப்பு உடைத்த அக்கா வாங்கில் இருந்து பார்க்கிறேன் என்கிறார், அவவையும் ஏற்ற இடம் இருக்கிறதா?

நான், 8:06: இருக்கிறது, அம்மா. 8:45க்கு வருவேன். கதவுக்கு உள்ளேயே நில்லுங்கோ. நான் வந்து படிக்கு உப்புப் போட்ட பிறகு இறங்கலாம்.