பொதுக் கணினியின் நுழைவுத் திரையில் ஏழு பெயர்கள்: பழைய கணக்கை நீக்குவதா, முடக்குவதா?

கேள்வி (கானாடுகாத்தானிலிருந்து):
பங்காளிகள் அனைவருக்கும் பொதுவான எங்கள் வீட்டின் முகப்பு அறையில், விண்டோஸ் 11 ஹோம் பதிப்புள்ள கணினி ஒன்று இருக்கிறது. பராமரிப்புச் செலவையும், முன்னோருக்குச் செய்யும் வழிபாடான படைப்பின் செலவையும் அதில்தான் எழுதி வருகிறோம். புள்ளிக்கு (மணமான ஒருவரின் குடும்பத்துக்கு) ஒன்றாகப் பயனர் கணக்குத் தொடங்கியதில், நுழைவுத் திரையின் இடது மூலையில் ஏழு பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆச்சி ஒருவர் சென்ற வாரம் வேறொருவர் பெயரை அழுத்திவிட்டு, தம்முடைய கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப இட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் சென்றுவிட்ட தம்பியின் கணக்கை மூன்று ஆண்டுகளாக யாரும் திறக்கவில்லை. அதை நீக்கிவிடலாமா?

பதில் 1 (பள்ளத்தூரிலிருந்து):
அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நீக்க வேண்டாம். செட்டிங்ஸில் ‘அதர் யூசர்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘ரிமூவ்’ கொடுத்தால் பெயர் மட்டும் போவதில்லை. அவருடைய டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் யாவும் உடன் அழியும், ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது. கணக்கை முடக்கி வைத்தாலே பெயர் திரையிலிருந்து மறைந்துவிடும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஹோம் பதிப்பில் இதற்கான தனிச் சாளரம் கிடையாது என்பதால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘நெட் யூசர்’ (net user) என்னும் கட்டளையை முதலில் தனியாகக் கொடுத்து, கணக்கின் உண்மைப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் பெயரும் அதுவும் பல நேரங்களில் வேறாக இருக்கும். பிறகு அதே கட்டளையுடன் அப்பெயரையும், ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ‘ஆக்டிவ்’, முக்காற்புள்ளி, ‘நோ’ என்பதையும் (/active:no) சேர்த்துக் கொடுங்கள். தம்பி ஊருக்கு வரும்போது ‘நோ’வை ‘யெஸ்’ ஆக்கினால் போதும்.

பதில் 2 (தேவகோட்டையிலிருந்து):
விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பெயரை மட்டும் மறைக்கும் வழியை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அப்படி மறைத்த கணக்கு உள்ளே உயிரோடுதான் இருக்கும். எங்கள் கடையில், இருந்த ஒரே நிர்வாகிக் கணக்கை அவ்வாறு மறைத்துவிட்டு, ஒரு பிரிண்டர் மென்பொருளை நிறுவக்கூட அனுமதி கொடுக்க ஆளில்லாமல் ஒரு நாள் முழுவதும் திண்டாடினோம். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில்) அறைக்கு ஒரு சாவி இருந்தாலும் தலைவாசல் சாவி இருவரிடம் மட்டும் இருப்பதைப் போல, இரண்டு பேருக்கு நிர்வாகி உரிமை கொடுத்துவிட்டு, மற்றவர்களைச் சாதாரணப் பயனராக மாற்றிவிடுங்கள்.

மற்றொன்று: வேலை முடிந்ததும் ‘ஸ்விட்ச் யூசர்’ கொடுத்துப் போகாமல், ‘சைன் அவுட்’ செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இல்லையெனில் முன்பு திறந்தவை அனைத்தும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் ‘யூசர்ஸ்’ பக்கத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தம்பியிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு அவருடைய கணக்கை முடக்கினோம். இப்போது ஆறு பெயர்களே தெரிகின்றன. நிர்வாகிக் கணக்கிலிருந்து அவருடைய கோப்புறையைத் திறந்து பார்த்தபோது, 2021ஆம் ஆண்டின் ஐந்தொகை (ஆண்டு முடிவுக் கணக்கு) டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது. அதைத்தான் இவ்வளவு நாளாகப் பேரேட்டிலும் பெட்டகத்திலும் தேடிக்கொண்டிருந்தோம். ஆச்சிக்கு எழுத்து சரியாகத் தெரிவதில்லை என்பதால், அவருடைய கணக்குப் படமாக வளவின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் படம்பிடித்து வைத்திருக்கிறோம்.