மறு: ‘அண்டகச் சேமிப்பு’க்குப் பதிலாக ‘கருமுட்டை இருப்பு’

வணக்கம்.

கலைச்சொல் பட்டியலில், பெண்ணின் சினைப்பையில் மீதமிருக்கும் கருமுட்டைகளைக் குறிக்க ‘அண்டகச் சேமிப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ‘சேமிப்பு’ என்ற சொல் வேண்டாம் என்பேன். சேமிப்பு என்றால் இன்னும் கொஞ்சம் போட்டு வைக்கலாம் என்று தோன்றும். கருமுட்டை விஷயத்தில் அது நடக்காது. தாயின் வயிற்றில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போது 60, 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஆயிரம் போல. வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400, 500தான். மற்றவை கர்ப்ப காலத்திலும்கூடத் தாமாகவே அழிந்துகொண்டிருக்கும். இதற்கு ‘இருப்பு’தான் சரி. ‘சேமிப்பு’ என்ற சொல் கருமுட்டையை உறையவைத்துப் பாதுகாப்பதற்கும் தேவைப்படும், அதை அங்கே விட்டுவிடலாம். ‘அண்டகம்’ பாடநூல் சொல்தான். ஆனால் ஆய்வுச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் பெண்ணுக்குச் சட்டென்று புரிவது கருமுட்டை.

அடுத்தது, இந்த இருப்பை மதிப்பிட இரத்தத்தில் பார்க்கும் ஏஎம்எச் ஹார்மோனுக்குப் போட்டிருக்கும் ‘இருப்பு அளவு’. எனக்குப் பெரிய கவலை இதில்தான். கருமுட்டைகளைத் தாங்கியிருக்கும் நுண்பைகள் உறங்கிக் கிடக்கும்போது ஏஎம்எச் சுரப்பதில்லை. வளரத் தொடங்கிய சிறு நுண்பைகள்தான் சுரக்கின்றன. அதனால்தான் சிறுமிகளுக்கு இருப்பு ஏராளமாக இருந்தும் ஏஎம்எச் குறைவாக இருக்கிறது. அது உச்சத்தைத் தொடுவது 25 வயதையொட்டி. அப்புறம் இறங்கி, மாதவிடாய் நிற்பதற்கு முன்பே கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விடும். நுண்பைகளை வளரத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன் இதற்கு நேர் எதிர். நுண்பைகள் குறையக் குறைய அவை சுரக்கும், எஃப்எஸ்எச்சைக் கட்டுப்படுத்தும் இன்ஹிபின் ஹார்மோன் குறையும், கட்டுப்பாடு தளர்ந்து மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச்சைக் கூடுதலாகச் சுரக்கும். மாதவிடாயின் 2, 3ஆம் நாளில் அதைப் பார்ப்பது இதற்காகத்தான். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஏஎம்எச் கூடுதலாக இருக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குறைத்துக் காட்டும். ஆக, ஏஎம்எச் ‘இருப்புக் காட்டி’, அளவு அல்ல.

இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், ஏஎம்எச் குறைவு என்ற ஒரு வரியைப் பார்த்து இனி குழந்தையே பிறக்காது என்று பெண்கள் உடைந்துபோவார்கள். 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களிடம், ஏஎம்எச் குறைவாக இருந்ததால் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை என்று கண்டது. செயற்கைக் கருத்தரிப்பில் ஊசி மருந்துக்கு எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிக்க ஏஎம்எச் நன்றாக உதவும். முட்டையின் தரத்தை அது சொல்லாது, அதற்கு வயதைத்தான் பார்க்க வேண்டும்.

எனவே என் பரிந்துரை: கருமுட்டை இருப்பு, இருப்புக் காட்டி, குறைந்த கருமுட்டை இருப்பு. கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘மலட்டுத்தன்மை’ என்று போட்டிருப்பதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.