மறு: ‘ஃப்ரீ மோஷன் குவில்டிங்’ – கைப்போக்குத் தையல் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

குவில்ட் தையல் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடி இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை ஒருசேரப் படித்தேன். ‘குவில்ட்’ (இரண்டு துணிகளுக்கிடையே பஞ்சுப் படலம் வைத்துத் தைக்கும் போர்வை) என்ற பொருளுக்குப் பெயர் தேடுவதிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம் என்பேன். ரஜாயை ரஜாய் என்றே சொல்லிப் போர்த்திக்கொள்கிற நாம் குவில்ட்டையும் அப்படியே விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டில் தைத்துப் பழகுகிறவர்கள் தடுமாறுவது செயல்களின் பெயரில்தான். அவற்றில் ஒன்றுதான் தலைப்பில் உள்ள ‘ஃப்ரீ மோஷன் குவில்டிங்’: இயந்திரம் இழுக்கும் வழியில் போகாமல், கை போகிற பக்கமெல்லாம் தைப்பது.

> பொருநராற்றுப்படையிலேயே ‘துன்னல்’ இருக்கிறது. அதை மீட்டெடுக்கலாமே?

ஐயா, தைத்தலைக் குறிக்கும் அந்தச் சொல் அழகானதுதான். ஆனால் அங்கே ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்று வருவது, வேறு நூல் கொண்டு தைத்துத் தைத்து ஒப்பேற்றிய கந்தல். கரிகாலன் அதைக் களைந்துவிட்டுப் பாம்பு உரித்த தோல் போன்ற மெல்லிய ஆடையைப் பொருநனுக்கு உடுத்தக் கொடுக்கிறான். மன்னன் களைந்ததை நாம் மறுபடி போர்த்திவிட வேண்டுமா? சிலப்பதிகாரத்தின் ‘துன்னகாரர்’ பொதுவாகத் தையற்காரர்கள். நாம் பெயர் தேடுவதோ ஒரேயொரு குறிப்பிட்ட தையலுக்கு. ‘கந்தை’ என்ற பரிந்துரைக்கும் இதே பதில்தான். வங்காளத்தில் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் காந்தா அதன் உறவு என்பது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்ததைக் கந்தை என்று அழைக்க எவருக்கும் மனம் வராது.

> ‘ஒட்டுத்தையல்’ எளிமையாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதையே வைக்கலாம்.

அக்கா, இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. குவில்ட்டில் தையல் இரண்டு முறை நடக்கிறது. முதலில் வெட்டிய துண்டுகளைக் கால் அங்குலம் தையல்விளிம்பு விட்டு ஒன்றோடொன்று இணைக்கிறோம். அது ஒட்டுத்தையல், உங்கள் சொல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. அதில் கிடைப்பது மேல்துணி மட்டுமே. பிறகு அடித்துணியை விரித்து, அதன்மேல் பஞ்சுப் படலத்தை வைத்து, மேல்துணியைப் பரப்பி, மூன்றையும் ஊடுருவித் தைக்கிறோம். குவில்டிங் என்பது இந்த இரண்டாவது வேலை. துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து கட்டி தட்டாமல் காப்பதும், துணியில் மேடு பள்ளம் எழுப்புவதும் அதுதான். ஒட்டே இல்லாத ஒற்றைத் துணியிலும் குவில்டிங் செய்யலாம் என்னும்போது ஒட்டின் பெயரை அதற்கு எப்படிச் சூட்டுவது? ‘அடுக்குத் தையல்’ என்று முன்னொரு மடலில் வந்ததே, அதை நான் வழிமொழிகிறேன். ‘மெத்தைத் தையல்’ வேண்டாம். மெத்தையில் அங்கங்கே முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். குவில்ட்டிலும் அப்படி முடிச்சிட்டுக் கட்டும் வகை தனியாக இருப்பதால் குழப்பம்தான் மிஞ்சும்.

இனி, இழையின் தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருகிறேன். நேர்கோட்டில் அடுக்குத் தையல் போடும்போது ஊசிக்குக் கீழே இருக்கும் இயந்திரத்தின் பற்கள் துணியை இழுத்துச் செல்கின்றன. மேலிருக்கும் துணி பின்தங்கிச் சுருங்காமலிருக்க, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்குப் பதிலாக, மேலேயும் பற்கள் கொண்ட ஒரு தனிப் பாதத்தை மாட்டிக்கொள்கிறோம். (‘வாக்கிங் ஃபுட்’ என்பதை ‘நடைப்பாதம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது காலில் போடும் செருப்பு போல ஒலிக்கிறது. ‘மேற்பல் பாதம்’ என்றால் என்ன செய்கிறது என்றாவது விளங்கும்.) ஃப்ரீ மோஷனில் பற்களுக்கு வேலை இல்லை. துணி எந்தப் பக்கம் போக வேண்டும், தையல் எவ்வளவு நீளம் விழ வேண்டும் என்பதெல்லாம் தைப்பவரின் கையில் இருக்கிறது. நம் ஊரில் மிதி இயந்திரத்தில் பூவேலை செய்பவர்கள் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கிக் கையால் நகர்த்துவதும் இதே நுட்பம்தான்.

> ‘கட்டற்ற தையல்’?

கட்டற்ற மென்பொருள் என்று சொல்லிப் பழகிய குழுவிலிருந்து இது வரும் என்று எதிர்பார்த்தேன்! கட்டு அறுந்த தையல் என்றால் பிரிந்துபோன தையல் என்றுதான் தையற்கடையில் புரிந்துகொள்வார்கள்.

‘பல்லிறக்கித் தையல்’ கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் பற்களை இறக்க முடியாத இயந்திரங்களும் உண்டு. அவற்றில் பற்களின்மேல் ஒரு தகட்டை மாட்டி மூடிவிடுவார்கள். சிலர் மூடாமலே, தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்துத் தைக்கிறார்கள். ‘துணிநகர்த்துத் தையல்’ வீட்டு இயந்திரத்துக்கு ஒத்துவருகிறது. நீள்கை இயந்திரத்துக்கு வராது. அதில் குவில்ட் சட்டத்தில் விரைப்பாகக் கட்டப்பட்டு அசையாமல் கிடக்கும். இயந்திரத்தின் தலையைப் பிடித்து மேலே ஓட்டுவார்கள். அதில் துணியை நகர்த்தும் பற்களும் கிடையாது. ஆக, பல்லும் போயிற்று, துணியும் போயிற்று. இரண்டு இயந்திரத்துக்கும் பொதுவாக மிஞ்சுவது கை மட்டுமே. அதனால் ‘கையோட்டத் தையல்’ என்று முன்மொழிந்தவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். அதில் ஒரு சின்ன இடர்: ஊசி நூல் கொண்டு போடும் ஓட்டுத்தையலோடு அது கலந்துவிடும். ‘ஓட்டம்’ என்பதைப் ‘போக்கு’ ஆக்கினால் அந்த இடர் தீர்கிறது. கை போகும் போக்கில் விழும் தையல், கைப்போக்குத் தையல். ‘தன் போக்கில் போகிறான்’ என்று சொல்லும்போது கிடைக்கிற விடுதலையும் அதற்குள் அடக்கம்.

சொல்லைச் சோதிக்க, அதை வைத்து ஒரு பாடம் எழுதிப் பார்த்தேன்:

கைப்போக்குத் தையலில் முதலில் பழக வேண்டியது, கைக்கும் மோட்டாருக்கும் உள்ள ஒத்திசைவு. கை மெதுவாகவும் ஊசி வேகமாகவும் போனால் தையல் பொடிப்பொடியாக விழும். மாறாகப் போனால் நீண்டு தொளதொளக்கும். வளைவுகளில் கையை வெடுக்கென்று இழுத்தால் அடித்துணியில் மேல்நூல் சிறுசிறு வளையங்களாகத் தெரியும். இதை இமைமுடி என்பார்கள். மேல்நூல் தளர்ந்திருந்தாலும் இதே குறை வரும். ஆகவே நூலின் இறுக்கத்தை மாற்றும் திருகைத் தொடும் முன் வளைவில் கையின் வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். மாறாக, அடியிலிருந்து வரும் பாபின் நூல் புள்ளி புள்ளியாக மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூலின் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். தொடங்கும்போது பாபின் நூலை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அடியில் சிக்கல் விழும். கண் ஊசிமுனையில் நிலைக்கக் கூடாது. அடுத்துப் போகவிருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கைப்போக்கு சீராகும்வரை குவில்ட்டைத் தொடாமல், மிச்சத் துணியில் சிறு மாதிரி அடுக்குகள் செய்து அவற்றில் பழகலாம். அதற்கும் முன்பு, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், தைக்கவிருக்கும் கோலத்தைத் திரும்பத் திரும்ப வரைவது நல்ல பயிற்சி.

‘கைப்போக்கு சீராகும்வரை’ என்ற இடத்தைப் பாருங்கள். பெயராக வைத்த சொல் வாக்கியத்துக்குள் தானாகவே வேலை செய்கிறது. வேறு எந்தப் பரிந்துரையையும் அங்கே வைத்து எழுத என்னால் முடியவில்லை. துணியின் வேகத்தை உணர்ந்து ஊசியைக் கட்டுப்படுத்தும் கருவி வேறு வந்திருக்கிறது. அதைத் ‘தையல் சீராக்கி’ எனலாம். அது இருந்தாலும் போக்கைத் தீர்மானிப்பது கைதான் என்பதால் பெயர் பழுதாகாது.

> ‘கை’ என்று தொடங்கினால் கையால் தைத்தது என்று தவறாக நினைப்பார்களே? ‘இயந்திர’ என்று முன்னால் சேர்க்க வேண்டாமா?

கையால் தைத்ததற்குக் ‘கைத்தையல்’ என்ற பெயர் ஏற்கெனவே உறுதியாக இருக்கிறது. ‘போக்கு’ சேர்ந்ததும் வேறுபாடு தெரிந்துவிடும். ‘இயந்திர’ என்ற அடைமொழிக்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. அங்கே கையால் தைத்தால்தான் உண்மையான குவில்ட் என்ற எண்ணம் நீண்ட காலம் ஆட்சி செய்தது. 1989இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில், அமெரிக்கக் குவில்டர் சங்கத்தின் கண்காட்சியில், கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் சூரிய கிரகணக் குவில்ட், கண்காட்சியிலேயே தலைசிறந்தது என்ற பரிசைப் பெற்றது. அந்தப் பரிசு இயந்திரத்தில் குவில்டிங் செய்த ஒன்றுக்குப் போனது அதுவே முதல்முறை. அவர்களுடைய அந்தப் பழைய வழக்கை நாம் தமிழில் தொடர்ந்து நடத்த வேண்டிய தேவை இல்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் ‘இயந்திர அடுக்குத் தையல்’ என்று எழுதினால் போதும்.

‘ஸ்டிப்ளிங்’ என்பதற்கு ‘அலைதையல்’ வேண்டாம். கடல் அலை நினைவுக்கு வருகிறது. கோடு கோட்டை வெட்டாமல் நெருக்கமாகச் சுற்றித் திரியும் வடிவம் அது. ‘திரிதையல்’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் விளக்குத் திரி இடையில் வருகிறது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். நால்புறமும் விளிம்பை மூடித் தைக்கும் துணிக்கு ‘ஓரப்பட்டை’. ஊக்கு குத்தியோ நூலோட்டியோ அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிணைப்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. தையற்கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் யாராவது தங்கள் கடையில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால், அதையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.