புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்கா டர்பன் நகரின் பிளஃப் பக்கம், உப்பு பூத்த வராந்தாச் சுவர் சரியானது

கடல் பார்த்த வராந்தாச் சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் கொப்புளித்து வெள்ளையாக உப்பு பூக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் யோசனையை ஒரு மூலையில் மட்டும் சோதித்தோம். ஈரம் உள்ளேயே அடைபட்டு, பெயின்ட் பூச்சோடு சேர்ந்து உரிந்தது. பலித்தது, "முதலில் வெளியே மண் மட்டத்தைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான். பூச்செடிப் பாத்தி சுவரின் டி.பி.சி. பட்டைக்கு (மண் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) மேலேயே ஏறிக் கிடந்தது. பட்டைக்கு 150 மி.மீ. கீழே வரும்படி மண்ணை வெட்டி எடுத்து, மேலே சரளை பரப்பினோம்.

பிறகு கறை தெரிந்த உயரத்துக்கு மேல் இன்னொரு 300 மி.மீ. வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி, செங்கல்லை உலரவிட்டோம். இங்கே மழை குறைந்த ஜூன், ஜூலைதான் இதற்குத் தோது. பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் விட்டால் கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்ததும் புதுப் பூச்சு: 1 பங்கு ஹைட்ராலிக் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டு இறுகும் வகை), 3 பங்கு கழுவிய ஆற்று மணல், 10 மி.மீ. வீதம் 2 பூச்சு. கடற்கரை மணல் கூடவே கூடாது, அதிலேயே உப்பு. மேலே சிலிக்கேட் பெயின்ட், அது ஈரத்தை அடைக்காமல் வெளியே விடும்.

எதிர்பாராத ஒன்று: வெள்ளை மரப்பலகையில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களைச் சுற்றித் தேநீர் வழிந்தாற்போல் கறை. உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸுக்கு மாற்றினோம். அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், முக்கியமாக மழை படாத கூரையடியில்.