பெயரில் ஒரு சொல் கூடுதல்

செவ்வாய், இரவு 8:04

நான்: இரண்டு இடங்களிலிருந்தும் சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. ஒன்று இயந்திரப் பொறியியல். மற்றது இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். என் மனம் இரண்டாவதில்தான் போகிறது. எல்லோரும் கருத்துச் சொல்லலாம், அப்பாவைத் தவிர. அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

அப்பா: சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். முதலாவது.

அத்தை: பொறியியல் என்றால் புரிகிறது. அதன் பின்னால் எதற்கு 'தொழில்நுட்பம்' என்று ஒரு வால்? இடம் கிடைக்காதவர்களுக்காக வைத்திருக்கிறார்களா?

நான்: எனக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது அத்தை.

அத்தை: அதனால்தான் கேட்கிறேன் பாப்பா. பெரியது கையில் இருக்கும்போது சிறியதை எதற்குப் பார்க்கிறாய்?

பெரியப்பா: என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. மகள் அந்த வால் உள்ள படிப்பு, மகன் வால் இல்லாத படிப்பு. இருவரும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். அவர்களையே கேளுங்கள்.

தாத்தா: ஒரே கேள்வி. இயந்திரத்தைத் தொட விடுவார்களா?

நான்: இரண்டாவதில் முதல் பருவத்திலேயே பட்டறை இருக்கிறது தாத்தா. பாடத்திட்டத்தை வரி வரியாகப் பார்த்துவிட்டேன்.

தாத்தா: சரி. நான் கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

8:31

அக்கா: இப்போதுதான் ஷிப்ட் முடிந்தது. நாற்பது செய்திகள்! அதில் பாதி என் படிப்பைப் பற்றிய வசை. அத்தை, வாலைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் எல்லோருக்கும் ஒரு கேள்வி. என் முதல் வார வகுப்பில் கேட்டார்கள். இயந்திரத்தில் சிவப்பாக, காளான் போல ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்குமே, அதை அழுத்தினால் மின்சுற்று இணைய வேண்டுமா, துண்டிக்கப்பட வேண்டுமா?

அப்பா: இது என்ன கேள்வி? அழுத்தினால் இணைந்து, 'நில்' என்ற செய்தி போக வேண்டும். அழைப்பு மணி மாதிரி.

அத்தை: எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தாத்தா: துண்டிக்க வேண்டும்.

அக்கா: தாத்தாவுக்கு முழு மதிப்பெண். சித்தப்பா, நீங்கள் சொன்னபடி அமைத்தால், என்றைக்கோ ஓர் எலி அந்தக் கம்பியைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். இயந்திரம் வழக்கம்போல் ஓடும். பொத்தான் செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது. ஒருவருடைய கை உள்ளே மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் ஓடி வந்து அழுத்தும்போதுதான் தெரியவரும். அதனால் சாதாரண நிலையில் சுற்று மூடியே இருக்கும், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்தினாலும் அறும், எலி கடித்தாலும் அறும். எது நடந்தாலும் இயந்திரம் நின்றுவிடும்.

அப்பா: ம்.

அக்கா: அந்த 'ம்'முக்காகத்தான் இத்தனை நேரம் தட்டச்சு செய்தேன். தொட்டியில் நீர் மட்டம் காட்டும் உணரியிலும் இதே புத்திதான். தொட்டி காலி என்றால் அது 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் அனுப்பும், நிறைந்தால் 20, பாதி என்றால் 12. காலிக்கு ஏன் 0 வைக்கவில்லை? 0 வந்தால் கம்பி அறுந்தது என்று தெரிய வேண்டும். தொட்டி காலியா, கம்பி அறுந்ததா என்று குழம்பி நின்றால் இரவு இரண்டு மணிக்கு என்னைத்தான் எழுப்புவார்கள்.

நான்: அக்கா, இதை வால் இல்லாத படிப்பில் சொல்லித்தர மாட்டார்களா?

அண்ணன்: சொல்லித்தருவார்கள். நியாயமாகப் பேசுவோம். எங்களுக்கு ஒரு பக்கத்தில் வரும், தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவோம். அக்காவுக்கு அதைக் கையால் இணைத்து, அறுத்து, மறுபடி இணைத்துக் காட்டினால்தான் மதிப்பெண். எங்கள் நேரம் வேறிடத்தில் போகும். வகைக்கெழுச் சமன்பாடுகள், வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது, மாறி மாறி விழும் சுமையில் ஓர் அச்சு எத்தனை லட்சம் சுற்றுக்குப் பிறகு விரிசல் விடும் என்பது போன்றவை. இதுவரை யாரும் செய்யாத ஒன்றைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கணிதம் இல்லாமல் முடியாது.

அத்தை: அதைத்தானே நானும் சொல்கிறேன்!

அண்ணன்: பொறுங்கள் அத்தை, என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், ஒரு தாங்கி (பேரிங்) உறைக்கு வரைபடம் போட்டேன். கணக்கெல்லாம் கச்சிதம். இரண்டு நாளில் தொழிற்கூடத்திலிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: 'இந்தப் போல்ட்டை முடுக்குவதற்கான ஸ்பேனரையும் நீங்களே வரைந்து அனுப்பவும்.' போல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே விரல்கூட நுழையாது. திரையில் பார்த்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை.

பெரியப்பா: எழுதியது யார் என்று சொல்.

அண்ணன்: ஒரு பொறியியல் தொழில்நுட்பவியலாளர். என்னைவிட மூன்று வயது இளையவர். இப்போது எந்த வரைபடத்தையும் அவரிடம் காட்டாமல் நான் அனுப்புவதில்லை.

தாத்தா: எங்கள் காலத்தில் ஓர் அலமாரி நிறைய ரிலேக்கள் இருக்கும், மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகள். டக் டக் என்று சத்தம். ஒன்று ஒட்டிக்கொண்டால் தேடிப் பிடிக்க அரை நாள் ஆகும். அதெல்லாம் இப்போது இல்லையாமே?

அக்கா: அந்த அலமாரியின் இடத்தில்தான் பிஎல்சி வந்தது தாத்தா, நிரல்வழிக் கட்டுப்படுத்தி. 1968இல் ஒரு கார் நிறுவனத்தின் தேவைக்காகத் தொடங்கிய வேலை. மோடிகான் 084 என்று முதல் கருவிக்குப் பெயர். அதை உருவாக்கிய குழுவின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதற்கு நிரல் எழுதுவதையே உங்கள் ரிலே சுற்றுப்படம் மாதிரி, ஏணிபோல வரைகிற முறையில் வைத்தார்கள். ரிலே படம் படிக்கத் தெரிந்த மின்பணியாளர் புதிதாக ஒரு மொழி கற்காமலே அதைப் படிக்கலாம். நான் இன்றைக்கும் அந்த ஏணியில்தான் ஏறி இறங்குகிறேன்.

தாத்தா: அப்படியென்றால் எனக்கும் புரியும். ஒரு படம் அனுப்பு.

அக்கா: நாளை அனுப்புகிறேன் தாத்தா.

9:10

அம்மா: வேலை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

அக்கா: சித்தி கேட்டதுதான் சரியான கேள்வி. என் வகுப்பில் படித்தவர்களையே சொல்கிறேன். ஒருத்தி அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கிறாள், அமைதியான அறை, மாலையில் வீட்டுக்குப் போய்விடுவாள். ஒருவன் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கிறான். இருவர் தரக் கட்டுப்பாட்டில். ஒருவன் புதிய இயந்திரங்களை வாடிக்கையாளர் இடத்தில் நிறுவி ஓட்டிக் காட்டுகிறவன், வருடத்தில் பாதி நாள் பெட்டியோடு அலைகிறான், அதுவே அவனுக்குப் பிடித்தும் இருக்கிறது. ஒருத்தி விற்பனைக்குப் போனாள். இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவள் பேசினால் வாங்குகிறவர் நம்புகிறார். நான் தானியங்கிப் பிரிவில் இருக்கிறேன். சத்தம் உண்டு, எண்ணெய்க் கறை உண்டு, இரவு அழைப்பு உண்டு. ஓடாமல் நின்ற உற்பத்தி வரிசை மறுபடி ஓடத் தொடங்கும்போது வரும் சத்தத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

அப்பா: மேலே போக முடியுமா?

அக்கா: ஒளிக்காமல் சொல்கிறேன் சித்தப்பா. சில இடங்களில் ஒரு கூரை உண்டு. என் முதல் விண்ணப்பத்தில், 'பட்டம்' என்ற கட்டத்தில் என் படிப்பே இல்லை. 'மற்றவை' என்று குறித்தேன். அன்றைக்கே நிராகரிப்புக் கடிதம். இரண்டு நாள் அழுதேன், அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். உரிமம் பெற்ற பொறியாளராகிக் கட்டடத்துக்கோ பாலத்துக்கோ கையெழுத்திட வேண்டுமென்றால், சில நாடுகளில் இந்தப் பட்டத்துக்கு அந்த வழி மூடியிருக்கும், சிலவற்றில் கூடுதல் அனுபவ ஆண்டுகள் கேட்பார்கள். முதுகலைப் பொறியியலுக்குப் போனால் விட்டுப்போன கணிதப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்வார்கள்.

அத்தை: பார்த்தாயா!

அக்கா: அத்தை, பாதியில் நிறுத்தாதீர்கள். பாப்பா, இதைக் குறித்துக்கொள். நாடுகளுக்கிடையே மூன்று உடன்படிக்கைகள் இருக்கின்றன. வாஷிங்டன் உடன்படிக்கை, 1989, பொறியியல் பட்டத்துக்கு. சிட்னி, 2001, பொறியியல் தொழில்நுட்பத்துக்கு. டப்ளின், 2002, தொழில்நுட்பப் பணியாளர் படிப்புக்கு. ஓர் உறுப்பு அமைப்பு அங்கீகரித்த படிப்பை மற்ற உறுப்புகளும் தகுதியுள்ளதாக ஏற்கும். உரிமம் அதனால் தானாக வந்துவிடாது, அது தனி. நீ சேரப்போகும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்த உடன்படிக்கையின் கீழ் என்று எழுத்தில் கேள். கல்லூரிக்கு இருக்கிறது என்று சொல்லி மழுப்புவார்கள். கல்லூரிக்கு இருப்பது வேறு, இந்தப் படிப்புக்கு இருப்பது வேறு.

அண்ணன்: முதல் ஆண்டு முடிவில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற முடியுமா என்றும் கேள். போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் கேள். சுவரில் ஒட்டியிருக்கும் நிறுவனச் சின்னங்கள் வேண்டாம், எத்தனை பேர், என்ன வேலை என்று.

நான்: இன்று இரவே எழுதுகிறேன்.

அம்மா: ஆறாம் வகுப்பில் இவள் மேசை விசிறியைக் கழற்றி மாட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கிறதா? ஒரு திருகாணி மிச்சம். விசிறி ஓடியது. இவள்தான் இரண்டு நாள் தூங்கவில்லை, அந்தத் திருகாணி எங்கே போக வேண்டியது என்று.

நான்: பின்பக்க வலையில் அம்மா. மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்பா: கணக்கிலும் இவள் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்கு அதுதான் கவலை. அது வீணாகிவிடக் கூடாது.

அண்ணன்: வீணாகாது சித்தப்பா. அக்காவின் வேலையில் கணக்கு இல்லை என்று யார் சொன்னது?

வியாழன், மாலை 6:47

நான்: பதில் வந்துவிட்டது. படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறது, சிட்னி உடன்படிக்கையின் கீழ்தான். முதல் ஆண்டு மதிப்பெண் பார்த்து மாறலாம், இரண்டு கணிதப் பாடங்கள் கூடுதலாக எழுத வேண்டும். போன ஆண்டு முடித்தவர்களின் வேலைப் பட்டியலும் அனுப்பினார்கள், பெயர் நீக்கி. அந்த இரண்டு கணிதப் பாடங்களையும் எப்படியும் எடுக்கப்போகிறேன், மாறினாலும் மாறாவிட்டாலும். இரண்டாவதற்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன்.

அப்பா: கேட்காமலே அனுப்பிவிட்டாயா?

நான்: கடிதத்தை உங்கள் மேசையில்தானே வைத்தேன். நீங்கள் படித்துவிட்டு எழுத்துப்பிழை திருத்தித் தந்தீர்கள்.

அப்பா: பிழை இருந்தது, திருத்தினேன்.

அத்தை: போகட்டும். யாராவது கேட்டால் பொறியியல் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா: அத்தை!

தாத்தா: பாப்பா, என்னிடம் ஒரு மைக்ரோமீட்டர் இருக்கிறது, நுண்ணிய தடிமன் அளக்கும் கருவி. 0 முதல் 25 மில்லிமீட்டர். எடுத்துக்கொண்டு போ. பூஜ்ஜியம் கொஞ்சம் பிசகும்.

நான்: எவ்வளவு பிசகும் தாத்தா?

தாத்தா: அதை நீ அளந்து சொல். உள்ளங்கையில் நெடுநேரம் வைத்திருந்துவிட்டு அளக்காதே. சூட்டில் எஃகு நீளும்.