முளைகட்டிய விதைநெல் மூட்டையில் சூடு, சாராய வாடை: ஏன்?

வெண்ணாற்றங்கரை
சம்பா சேற்று விதைப்புக்காக 24 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி வைக்கோல் போட்டு மூடிய நெல். மறுநாள் உள்ளே கைவிட்டால் சுடுகிறது, நடுவில் சாராய வாடை. ஓரத்தில் நன்றாக முளைத்திருக்கிறது. நடுவில் பாதிக்கு மேல் முளையே இல்லை. சூட்டுக்கும் வாடைக்கும் ஒரே காரணமா? இதை விதைக்கலாமா?

செல்லியல்
இரண்டும் சுவாசத்தால் வந்தவைதான். ஆனால் சூடு முந்தி, வாடை பிந்தி.

ஊறிய நெல்லில் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிக் குளுக்கோஸ் ஆக்குகிறது. ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடையும்போது நிகர லாபம் 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்). ஆக்சிஜன் இருந்தால் பைருவேட் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்க் கரியமில வாயுவாகக் கழிகிறது. அதிலிருந்து உருவிய எலக்ட்ரான்கள் உட்சவ்வில் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த ஓட்டத்தில் வெளியே தள்ளப்படும் புரோட்டான்கள் திரும்பி நுழையும்போதுதான் ஏடிபி செய்யும் நொதியான ஏடிபி சிந்தேஸ் சுழல்கிறது. மொத்தம் 30–32 ஏடிபி.

180 கிராம் குளுக்கோஸில் சுமார் 2,870 கிலோஜூல் இருக்கிறது. ஏடிபியில் சேர்வது அதில் மூன்றில் ஒரு பங்குதான், மீதியில் பெரும்பகுதி சூடு. வைக்கோல் போர்த்திய மூட்டையில் அது வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏறச் சுவாசம் வேகமெடுத்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

தீர்ந்தபின் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆளில்லை. செல்லில் எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறான என்ஏடி முழுவதும் சுமையோடு நின்றுபோனால் குளுக்கோஸ் உடைவதும் நிற்கும். அந்தச் சுமையை இறக்கத்தான் பைருவேட் அசிட்டால்டிஹைடாகி, பிறகு எத்தனால், அதாவது சாராயம் ஆகிறது. வரவு வெறும் 2 ஏடிபி. உமியில் ஒட்டிய ஈஸ்டும் வாடைக்குக் கை கொடுக்கும்.

மேட்டுவயல்
விதைக்குமுன் மூட்டையின் நடுவிலிருந்து 100 நெல்மணி எடுத்து ஈரச் சாக்கில் காற்றாடப் பரப்பி வையுங்கள். 80க்குக் குறையாமல் முளைத்தால் போடலாம். நசுக்கினால் கரு பழுப்பாகக் கூழாக வந்தால் அந்த மணி செத்தது.

அடுத்த முறை சணல் சாக்கில் பாதி அளவே நிரப்பி, வாயைத் தளர்வாகக் கட்டிப் படுக்கப் போடுங்கள். யூரியா சாக்கு வேண்டவே வேண்டாம். ஊறல் நீரை ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கட்டியபின் ஆறு மணி நேரத்துக்கொருமுறை புரட்டி, சுட்டால் தண்ணீர் தெளியுங்கள். முளை 1–2 மி.மீ. வந்ததும் விதைத்துவிடலாம், நீள விட்டால் வீசும்போது ஒடியும்.

பிளஸ் டூ
புத்தகத்தில் 38 ஏடிபி என்று படித்தோமே?

செல்லியல்
பழைய கணக்கு. ஒரு என்ஏடிஹெச்சுக்கு (எலக்ட்ரான் சுமையேற்றிய என்ஏடி) 3 ஏடிபி என்று வைத்தது. இப்போது ஏறத்தாழ 2.5 என்று எடுக்கிறோம். தேர்வில் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள் தம்பி.

வெண்ணாற்றங்கரை
நன்றி ஐயா. விதைத்த வயலில், பள்ளத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் வெள்ளை ஊசிபோல் குருத்து மட்டும் நீள்கிறது, வேரைக் காணோம். வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்1 ரகம்தான் போட்டது, தாங்காதா?

செல்லியல்
சப்1 வளர்ந்த பயிருக்கான காப்பு. மூழ்கினால் வளர்ச்சியை அடக்கிச் சர்க்கரையை மிச்சம்பிடித்து இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். முளைப்புக்கு உதவாது.

ஆக்சிஜன் இல்லாமலும் அமைலேஸ் உண்டாக்கும் திறமை நெல்லுக்கு உண்டு, கோதுமைக்குக் கிடையாது. அந்த 2 ஏடிபி வரவில் முளைக்குருத்தை நீட்டி நீர்மட்டத்தைத் தொடப் பார்க்கும். வேருக்கு அது கட்டுப்படியாகாது. விதைத்த மறுநாளே வாய்க்கால் கிழித்துப் பள்ளத்தை வடியுங்கள்; சேறு காற்றுப் பட்டால் உயிருள்ள மணி வேர்விடும்.